நேண்ட் சிப் 128 எம்பி, டம்ப் 132 எம்பி: லினக்ஸில் மவுண்ட் ஆகவில்லை

குளச்சல்_சால்டரிங்:
வணக்கம். குளச்சலில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். செல்போன், சிசிடிவி பெட்டி, வள்ளத்தில் வைக்கும் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் என்று வருவதையெல்லாம் பார்ப்பேன்.

போன வாரம் ஒரு பெரியவர் தன் ஜிபிஎஸ் செட்டைக் கொண்டுவந்தார். ஒக்கிப் புயலுக்கு அடுத்த வருடம், 2018இல் வாங்கியதாம். உப்புத்தண்ணீர் இறங்கி போர்டு பச்சை பூத்துக் கிடந்தது. "செட்டு போனா போகட்டு மக்கா, உள்ள கெடக்க பாரெல்லாம் எடுத்துத் தா" என்றார். (வெளியூர்க்காரர்களுக்கு: பார் என்றால் கடலடிப் பாறை, மீன் கூடும் இடம்.) விற்றவர்களிடம் கேட்டதற்கு புது செட் வாங்கச் சொல்லிவிட்டார்களாம்.

போர்டு முழுதாகச் சாவதற்குள் சீரியல் பின்னில் ஒயர் பிடித்து பூட் லாக் எடுத்துவிட்டேன். உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். பூட்டுக்கு 1 எம்பி, கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) 7 எம்பி, மீதி 120 எம்பி யுபிஐ (பணம் அனுப்பும் யுபிஐ அல்ல, நேண்ட் மெமரியை நிர்வகிக்கும் லினக்ஸ் அடுக்கு). அப்புறம் 48 கால் நேண்ட் (ஃபிளாஷ் மெமரி) சிப்பை ஹாட் ஏரில் கழற்றி புரோகிராமரில் வாசித்தேன். வந்த டம்ப், அதாவது சிப்பின் அப்பட்டமான நகல் ஃபைல், 13,84,12,032 பைட். பென் டிரைவ் இமேஜ் மாதிரி லூப்பில் (ஃபைலையே டிஸ்க் போலக் காட்டும் வழி) மவுண்ட் போட்டுத் திறக்கப் பார்த்தால், ஃபைல் சிஸ்டம் என்னவென்றே தெரியவில்லை என்கிறது. என் கர்னலில் யுபிஐஎஃப்எஸ் (யுபிஐ மேல் ஓடும் ஃபைல் சிஸ்டம்) இருக்கிறது, பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

மார்த்தாண்டம்_பிசி:
ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேரில் போட்டுப் பாருங்கள். மெமரி கார்டுக்கு எனக்கு வேலை செய்திருக்கிறது.

தக்கலை_பெங்குவின்:
மெமரி கார்டும் இதுவும் ஒன்றல்ல. கார்டு, பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு கன்ட்ரோலர் உண்டு. கெட்ட பிளாக்கை ஒதுக்குவது, பிட் பிழையைத் திருத்துவது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும்; கர்னலுக்கு சாதாரண டிஸ்க் போலக் காட்டும். நீங்கள் கழற்றியது வெறும் நேண்ட். அங்கே அந்த வேலை முழுவதும் கர்னல் தலையில். அதற்குத்தான் எம்டிடி என்று தனி அடுக்கே இருக்கிறது.

கூடுதல் 4 எம்பி எங்கிருந்து வந்தது? சிப்பில் ஒரு பக்கம் 2048 பைட், அதோடு ஒட்டி 64 பைட் உதிரி இடம். பிழைதிருத்தக் கோடும் கெட்ட பிளாக் குறியும் அதில்தான் இருக்கும். 65,536 பக்கத்தை 2112ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் ஃபைல் அளவு அப்படியே வரும்.

யுபிஐஎஃப்எஸ் 2008இல் 2.6.27 கர்னலோடு வந்தது. நோக்கியா ஆட்கள் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எழுதியது. யுபிஐ வால்யூம் மேல்தான் உட்காரும். லூப் டிவைஸில் ஏறவே ஏறாது.

ஒவ்வொரு 2112இலும் கடைசி 64 பைட்டை வெட்டும்படி பைத்தானில் நாலு வரி எழுதுங்கள். பிறகு நேண்ட்சிம் மாட்யூலை ஏற்றினால் ரேமில் ஒரு பொய் நேண்ட் சிப் உண்டாகும். ஐடி பைட்டுகளை உங்கள் சிப் அளவுக்கு ஏற்பக் கொடுங்கள். பார்ட்டிஷனை எரேஸ் பிளாக் (ஒரே தடவையில் அழிக்கும் பகுதி) கணக்கில் கேட்கும். ஒரு பிளாக் 128 கேபி. ஆகவே 8, 56 என்று கொடுத்தால் போதும், மீதி தானாக மூன்றாவதாகிவிடும். வெட்டிய ஃபைலைத் துண்டு துண்டாக அந்தந்தப் பார்ட்டிஷனில் நேண்ட்ரைட் மூலம் எழுதி, மூன்றாவதை யுபிஐஅட்டாச் செய்து, ரீட் ஒன்லியாக மவுண்ட் போடுங்கள். எல்லாம் ரேமில் நடப்பதால் மூல டம்ப்புக்கு ஒன்றும் ஆகாது.

குளச்சல்_சால்டரிங்:
அண்ணாச்சி, அட்டாச் வரை வந்துவிட்டேன். ஆனால் சிஆர்சி (டேட்டா சரியா என்று பார்க்கும் கணக்கு) தப்பு, சிஆர்சி தப்பு என்று டிமெசேஜ் (கர்னல் லாக்) முழுக்கக் கொட்டுகிறது. சில கன்ட்ரோலர்கள் பிழைதிருத்தக் கோடை டேட்டாவுக்கு நடுவிலேயே சொருகிவிடும் என்கிறார்களே, அதுவா?

தக்கலை_பெங்குவின்:
அப்படியென்றால் எல்லா பிளாக்கிலும் ஒரே மாதிரி கெடும். மூன்றாவது பார்ட்டிஷனில் ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் யுபிஐ என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு ஹாஷ் குறியும் தெரிகிறதா என்று ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள். முக்கால்வாசியில் தெரிந்து மீதியில் சிதைந்திருந்தால், வாசிப்புதான் மோசம். சிப் காலை ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்து மூன்று தடவை வாசியுங்கள். மூன்றையும் ஒப்பிட்டு, இரண்டு ஒத்துப்போகும் பைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டாம். நேண்டில் ஒரே பக்கத்தை ஓயாமல் வாசித்தாலே பக்கத்துப் பக்கங்களில் பிட் புரளும்.

குளச்சல்_சால்டரிங்:
வந்துவிட்டது! எல்லாம் காலில் இருந்த உப்புதான். டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வாசித்தேன். ஒப்பிட்டுச் சேர்த்த ஃபைலில் இரண்டே பிளாக் மட்டும் கெட்டதாக வருகிறது, அதிலும் பழைய டிராக் லாக்தான் போயிருக்கிறது. பாரெல்லாம் குறித்திருக்கும் பாயிண்ட் ஃபைல் முழுதாக இருக்கிறது.

பெரியவரைக் கூப்பிட்டு ஸ்கிரீனில் காட்டினேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது எங்க அண்ணன் காட்டித் தந்தது" என்றார். அப்புறம் கடையில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஸ்கிரீன்ஷாட் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு: யுபிஐ லாக் வேண்டுமானால் போடுகிறேன். பாயிண்ட் ஒன்றுகூடக் கிடையாது. என் லேப்டாப்பில் இருந்ததையும் அவர் முன்னாலேயே அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.