கட்டிய தவணை பிந்தியதாகப் பதிவானபோது: திருகோணமலை வாசகர்களின் அனுபவப் பகிர்வு

உவர்மலையிலிருந்து:

கூரை வேலைக்காக நாங்கள் கேட்ட கடன் மறுக்கப்பட்டு எட்டு மாதங்களாகிவிட்டன. அந்த நாள் இன்னும் மனதை விட்டு அகலாததால் எழுதுகிறேன். கிரிப் அறிக்கை என்பது நாம் எடுத்த கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் மாதத்துக்கு ஒரு கட்டமாகக் காட்டும் பதிவு; கடன் கேட்டால் வங்கி முதலில் அதைத்தான் பார்க்கும். கடன் பிரிவு உத்தியோகத்தர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, என் பெயரில் எடுத்த முச்சக்கரவண்டி லீசிங்குக்குரிய 24 மாதக் கட்டங்களையும் காட்டினார். 23 கட்டங்களில் ஒரு குறையும் இல்லை. ஒன்றில் மட்டும் தவணை பிந்தியதாகப் பதிவு இருந்தது. அந்த மாதம் தவணைத் திகதி பௌர்ணமி விடுமுறையில் விழுந்தபடியால், இரண்டு நாட்களுக்கு முன்பே என் கணவர் பணவைப்பு இயந்திரத்தில் காசைப் போட்டிருந்தார். அந்தப் பணம் கம்பனியின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தும், எங்கள் ஒப்பந்த இலக்கத்தின் கீழ் வரவு வைக்கப்படாமல் ஐந்து வாரங்கள் கிடந்திருக்கிறது.

பற்றுச்சீட்டும் எங்களிடம் இருந்தது. இயந்திரம் தரும் சீட்டு நாளடைவில் மங்கிப்போகும் என்று அறிந்திருந்த என் கணவர், அது அழியக்கூடாதென்ற கரிசனையோடு பட்டினத்துக் கடையொன்றில் அதை லமினேட் செய்து வைத்தார். சூடு பட்டதும் தாள் முழுவதும் கறுத்துவிட்டது. அந்தக் கறுப்புத் தாளை உத்தியோகத்தரின் மேசைக்கருகே சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். கீழ் ஓரத்தில் ஏதோ ஓர் இலக்கத்தின் பாதி மட்டும் தெரிந்தது. அவர் கனிவாகத்தான், "மிஸ், இதில் எழுத்தே இல்லையே" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடன் கட்டாதவள் என்று அதுவரை என்னை ஒருவரும் சொன்னதில்லை.

நிலாவெளியிலிருந்து:

உங்களுக்கு ஒரு கட்டம். எனக்கு வரிசையாக ஆறு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு சுற்றுலாத் துறையினருக்குத் தவணைகளைப் பிற்போடும் கடன் சலுகைக் காலம் அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். எனது விருந்தினர் விடுதிக் கடனுக்காக நானும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்; "சரி, இனி நீங்கள் யோசிக்க வேண்டாம்" என்று கிளையில் சொல்லி அனுப்பினார்கள். 2021 தொடக்கத்தில் வேறொரு வங்கிக்குப் போனபோது, சலுகைக் காலத்துக்குள் அடங்கிய மாதங்களே நிலுவை மாதங்களாக நின்றன. அங்கிருந்த இளம் பெண் பிள்ளை, "2019 ஜூலையில் ஏன் ஐயா கட்டவில்லை?" என்று கேட்டார். ஜூலை எங்களுக்கு முழுப் பருவகாலம். அந்த ஜூலையில் என் விடுதியின் ஒன்பது அறைகளும் பூட்டியே கிடந்தன. படுக்கை விரிப்புகளில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க நானும் மனைவியும் அவற்றை மாறி மாறி வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். விண்ணப்பத்தின் பிரதியொன்றை அன்றைக்கே முத்திரை குத்தி வாங்காமல் விட்டது என் பிழை.

கிண்ணியாவிலிருந்து:

வங்கிச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் ஓர் அனுபவம் உண்டு: நான் ஒருநாளும் பயன்படுத்தாத கடனட்டை ஒன்றுக்கு வருடாந்தக் கட்டணம் அறவிட்டு, அதற்குத் தாமதக் கட்டணமும் ஏற்றி, என் பெயரில் நிலுவை காட்டினார்கள், எழுத்தில் முறையிட்டேன், மூன்று மாதத்தில் நீக்கினார்கள். உவர்மலைச் சகோதரி கடைசி நேரத்தில் கட்டாமல் ஒரு வாரம் முந்திக் கட்டியிருந்தால் இந்தச் சங்கடம் வந்திராது என்றே எனக்குப் படுகிறது. முழுப் பழியையும் நிறுவனத்தின் மேல் போடுவது நியாயமன்று.

பலர் பிழையான இடத்தில் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகம், அதாவது கிரிப், எவரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. கடன் கொடு, கொடாதே என்று வங்கிக்குச் சொல்வதுமில்லை. ஒழுங்காகக் கட்டிய கடனும் அங்கே பதிவாகும், பிந்திய கடனும் பதிவாகும். கடன் தந்த நிறுவனம் அனுப்பிய தரவைப் பணியகம் தானாக மாற்றாது என்பதால், திருத்தம் அந்த நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும். ஆகவே முதலில் உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். வங்கிக் கிளை ஊடாகவும் எடுக்கலாம், இணையவழியிலும் எடுக்கலாம். தேசிய அடையாள அட்டை இலக்கம் சரியா என்று பாருங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையிலிருந்து 12 இலக்க அட்டைக்கு மாறியவர்கள் இரண்டு இலக்கங்களின் கீழும் பார்ப்பது நல்லது. எந்த மாதம், எந்த ஒப்பந்தம், எவ்வளவு தொகை என்று குறித்து, நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் திருப்தி தராவிட்டால், 2020 இல் மத்திய வங்கி ஏற்படுத்திய நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். நிறுவனத்திடம் முதலில் முறையிட்டீர்களா என்று அவர்கள் கேட்பார்கள் என்பதால் அந்த முத்திரைப் பிரதி இல்லாமல் போகாதீர்கள். "செலுத்தி முடித்தார்" என்று ஒரு கடிதத்தைத் தந்தால் அதோடு வீட்டுக்குப் போய்விடவும் வேண்டாம். அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் கிடக்கும். பிந்திய மாதம் அறிக்கையில் அப்படியே நிற்கும்.

மூதூரிலிருந்து:

கிண்ணியா நானா சொன்ன ஒழுங்கு சரிதான். அதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வங்கிக்குள் இருந்தவர். எங்கள் பக்கத்தில் தவணை கட்டுபவர் நகரத்துக் கிளைக்குப் போவதில்லை. அறவிட வருபவர் மோட்டார் சைக்கிளில் கரைக்கே வந்து, வள்ளத்தடியில் நின்று காசை எண்ணி வாங்கிக்கொண்டு போவார். என் மைத்துனர் வாங்கிய படகு இயந்திரத்துக்கு நான் பிணையாளி. அவர் காசைக் கொடுத்த திகதி பில் புத்தகத்தில் 12 என்று இருக்கிறது. கம்பனியின் கணினியில் அதே பணம் 29 ஆம் திகதிதான் ஏறியிருக்கிறது. இடைப்பட்ட 17 நாட்கள் அது யாருடைய சட்டைப்பையில் இருந்ததென்று கேட்டேன்; அந்த உத்தியோகத்தர் இப்போது வேலையில் இல்லை என்று பதில் வந்தது. நான்கு மாதங்கள் இப்படியே நடந்திருக்கிறது. பிணையாளி என்றபடியால் அந்தக் கடன் என் அறிக்கையிலும் பிந்திய கடனாகவே நிற்கிறது. ஒரு ரூபாயும் கடன் எடுக்காத எனக்கு, மகளின் படிப்புக்குக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்தது.

நானும் கடிதம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் பதில் வந்தது. அதை வாசித்துச் சொல்ல ஓர் ஆசிரியரிடம் போனேன். அவரும் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இதில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை" என்றார். ஒரு வாரம் முந்திக் கட்டச் சொல்கிறீர்கள் நானா. மைத்துனர் கையில் காசு வருவதே மீன் விற்ற அன்றுதான். 12 ஆம் திகதி கொடுத்தவரிடம், ஐந்தாம் திகதியே கொடுத்திருக்கலாமே என்று எப்படிச் சொல்வேன்?

உவர்மலையிலிருந்து:

கிண்ணியா ஐயா, நாங்கள் கடைசி நேரத்தில் கட்டவில்லை. விடுமுறை வருகிறதென்று முந்தியே கட்டினோம். பணம் கம்பனியின் கணக்கில் இருந்த ஐந்து வாரங்களும் எங்களைக் கடனாளி என்று பதிந்தார்கள் என்பதுதான் என் முறைப்பாடு. இருந்தும் நீங்கள் சொன்ன முத்திரைப் பிரதி விடயம் பெறுமதியானது. நான் பட்டறிந்துதான் அதைக் கற்றேன். முதலில் வாயால் கேட்டபோது, மூன்று தடவையும் "திருத்திவிடுவோம்" என்றே சொன்னார்கள். எழுதிக் கொடுத்த பிறகுதான், இயந்திரம் இருந்த வங்கியிடம் அந்த நாளின் பதிவைக் கேட்டார்கள். எங்கள் வைப்பு நேரத்தோடும் தொகையோடும் அதில் இருந்தது. போன மாதம் அறிக்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் கூரைக்கான மரத்தின் விலை இந்த எட்டு மாதத்தில் ஏறிய அளவுக்கு யாரும் பொறுப்பில்லை.

மூதூர்த் தம்பி, அந்த பில் புத்தகச் சீட்டுகள் காபன் தாளில் எழுதியவையாகத்தான் இருக்கும். கையில் வைத்துத் தேய்ந்தாலே அவை மங்கும். நான்கையும் இன்றைக்கே படம் எடுத்து, போட்டோக் கொப்பியும் அடித்து வையுங்கள். தயவுசெய்து லமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலும் இருக்கிறது. தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள், நானும் கூட வருகிறேன்.