கோத்தகிரியிலிருந்து பவானி கூடுதுறை வரை சைக்கிளில்: ஆற்றை ஒட்டியே போக முடியுமா?

கட்டபெட்டு மூடுபனி:

பொங்கல் லீவில் நானும் என் சித்தப்பா பையனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கலாம் என்று இருக்கிறோம். கோத்தகிரியில் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைப் பிடித்து, அது காவிரியில் சேரும் கூடுதுறை வரைக்கும் ஆற்றோடவே போக வேண்டும் என்று ஆசை. வீடியோக்களில் டான்யூப் கரையில் குழந்தையைப் பின்வண்டியில் உட்கார வைத்து ஜாலியாக மிதித்துப் போகிறார்கள், வழியெல்லாம் கோட்டை, மடாலயம் என்று நின்று நின்று பார்க்கிறார்கள். நம் ஆற்றுக்கு என்ன குறைச்சல்?

ஆனால் மேப்பைப் பார்த்தால் சத்தி (சத்தியமங்கலம்) ரோடு ஒன்றுதான் தெளிவாகத் தெரிகிறது, அதுவும் ஆற்றை விட்டு விலகி விலகிப் போகிறது. கரையோரமாக மண் பாதை ஏதாவது உண்டா? வழியில் பழைய இடங்கள் என்னென்ன பார்க்கலாம்? கோவில் மட்டும் என்றில்லை, கோட்டை, அணை எதுவானாலும் சரி. என்னிடம் டிஸ்க் பிரேக் வைத்த கியர் வண்டி, தம்பியிடம் சாதாரண ரிம் பிரேக் வண்டி. மலையில் ஓட்டிப் பழக்கம்தான், கீழே அடிக்கிற வெயில்தான் பழக்கம் இல்லை. ராத்திரியில் ஓட்ட மாட்டோம்.

அரவேனு பெடல்:

தம்பி, கூடுதுறையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் மேட்டுப்பாளையம் வரைக்கும் சொல்கிறேன். கோத்தகிரி ரோட்டில் சுமார் 33 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். ரிம் பிரேக் வண்டியை வைத்துக்கொண்டு பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும், அதுவும் வளைவில் வெடித்தால் கதை வேறு. விட்டு விட்டுப் பிடியுங்கள், முன்னும் பின்னும் மாற்றிப் பிடியுங்கள், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ரிம்மை ஆற விடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள், அது பெரிய செலவு இல்லை.

விடியற்காலையில் கிளம்ப வேண்டாம். தை மாதத்தில் பனி தரையோடு படுத்திருக்கும், எதிரே வருகிற லாரி கூடத் தெரியாது, காட்டுமாடு எங்கே தெரியப் போகிறது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டால் போதும். குஞ்சப்பனைப் பக்கம் யானை இறங்குவது பெரும்பாலும் பலாப்பழக் காலத்தில்தான், தையில் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் அந்தப் பகுதியில் காதில் பாட்டு வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். குன்னூரிலிருந்து இறங்கும் பர்லியாறு வழி வேண்டவே வேண்டாம், லீவு நாளில் அந்த ரோட்டில் சைக்கிளுக்கு இடமே கிடையாது.

பழைய இடம் என்றால் கிளம்புகிற ஊரிலேயே ஒன்று இருக்கிறது, நம் ஆட்கள் அதைப் பார்க்காமலே கீழே ஓடுகிறார்கள். கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களா. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் மலை ஏறி வந்து கட்டியது, இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அதற்கும் உங்கள் ஆற்றுக்கும் சம்பந்தம் உண்டு. இந்த மலைக்கு வெள்ளைக்காரன் போட்ட முதல் பாதை இன்றைக்கு நாம் போகிற ரோடு கிடையாது, பவானிக் கரையில் இருக்கிற சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்கு ஏறிய குதிரைப் பாதை. மெக்பெர்சன் என்ற ராணுவ அதிகாரி பொறுப்பில் 1821ல் ஆரம்பித்து 1823ல் முடிந்தது. அதனால் முதலில் பங்களாவைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், கீழே சிறுமுகையில் டீ குடிக்கும்போது அண்ணாந்து பாருங்கள், அந்தக் காலத்தில் எதைப் பார்த்து ஏறியிருப்பார்கள் என்று விளங்கும்.

சத்திக்காரி, இப்போது குன்னூரில்:

டான்யூப்பை மறந்துவிடுங்கள். அங்கே ஆற்றை ஒட்டித் தார் போட்டு, போர்டு வைத்து, சைக்கிளுக்கென்றே வழி விட்டிருக்கிறார்கள். பவானியில் கரையைப் பிடித்தே போனால் ஒரு பக்கம் பட்டா நிலம், ஒரு பக்கம் வாழைத்தோட்ட வேலி, இன்னொரு பக்கம் காடு. ஆற்றங்கரையை விட்டுவிட்டு வாய்க்கால் கரையைப் பிடியுங்கள், நான் சொல்வது அவ்வளவுதான். பவானித் தண்ணீர் அணையிலிருந்தும் தடுப்பணையிலிருந்தும் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஓடுகிறது. அந்த வாய்க்கால் மேட்டில் பொதுப்பணித்துறை வண்டி போகிற மண் பாதை பல இடத்தில் உண்டு, நிழலும் இருக்கும், ஏற்றம் இறக்கம் அநேகமாகக் கிடையாது. நீங்கள் கேட்ட பழைய சமாச்சாரமும் இந்த வாய்க்கால்கள்தான்.

வரிசையாகச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோவில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பகாசுரனைக் கொல்லப் போகும் முன் பீமன் கும்பிட்ட இடம் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டுக் கூட்டம் தாங்காது, வேறு நாளில் போங்கள். சிறுமுகையில் பட்டுத் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் சும்மா ஒரு சுற்று சுற்றலாம். சிறுமுகை தாண்டி பெத்திக்குட்டைப் பக்கம் காட்டை ஒட்டிய ரோடு, அதை மட்டும் பட்டப்பகலில் கடந்துவிடுங்கள்.

அப்புறம் பவானிசாகர். மாயாறும் பவானியும் சேரும் இடத்தில் 1948ல் தொடங்கி 1955ல் முடித்த அணை, மண் கரை மட்டும் 8 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பூங்காவைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள் எல்லோரும், ஆனால் விஷயம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. டணாய்க்கன் கோட்டை. ஒய்சள ராஜாவின் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், இருந்து ஆண்ட இடம், தண்டநாயகன்தான் மக்கள் வாயில் டணாய்க்கன் ஆகிவிட்டான். அவர்களில் மாதவ தண்டநாயகன் என்பவருக்கு 'நீலகிரி சாதாரன்' என்று பட்டம், நம் மலையை அடக்கியவன் என்று பொருள். அணை கட்டியபோது கோட்டையும் மாதவப் பெருமாள் கோவிலும் முழுகிவிட்டன, சாமியை மட்டும் முன்பே எடுத்து பவானிசாகரில் வேறு கோவில் கட்டி வைத்துவிட்டார்கள். அணை நன்றாக வற்றுகிற வருஷத்தில் கல் மண்டபம் வெளியே தலை நீட்டும். தையில் தண்ணீர் இருக்கும் என்பதால் நீங்கள் பார்க்க வாய்ப்பு குறைவு. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கோவிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, ஊரையே காலி செய்து வந்தவர்கள் அல்லவா.

அணையிலிருந்து பண்ணாரிப் பக்கம் காட்டு ரோடு ஒன்று மேப்பில் ஆசை காட்டும். போகாதீர்கள். யானை நடமாடும் இடம், புலிகள் காப்பகம் வேறு. மாயாற்றை ஒட்டி மேலே போகலாமா என்று யோசிக்கவும் வேண்டாம். 1790ல் திப்பு சுல்தான் அந்தப் பக்கம் கஜலட்டி கணவாய் வழியாகத்தான் படையோடு இறங்கி சத்தியமங்கலத்தில் வெள்ளைக்காரக் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதினார். பெரிய கதைதான், ஆனால் சத்தி பாலத்தில் நின்றுகொண்டு யோசித்துப் பார்த்தால் போதும்.

சத்தி தாண்டிக் கொடிவேரி. வழுக்குப் பாறையில் தண்ணீர் விரிந்து விழுகிற பழைய தடுப்பணை, சோழர் காலத்து வேலை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆற்றின் ஒரு பக்கம் அரக்கன்கோட்டை வாய்க்கால் பிரியும், மறு பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பிரியும். தடப்பள்ளிக் கரையில் கோபி பக்கம் போங்கள், இரண்டு பக்கமும் நெல்வயல், வாய்க்காலில் துணி துவைக்கிற பெண்கள், படித்துறையில் குதிக்கிற பையன்கள். மீன் வறுவல் அணைக்கு வெளியே கடைகளில் கிடைக்கும், வாங்கும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள், லீவு நாளில் வாய்க்கு வந்த விலைதான்.

மேட்டுப்பாளையம் மண்டிக்காரன்:

அக்கா சொன்னதில் முக்கால்வாசி சரி. வாய்க்கால் கரை பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. சீமைக்கருவேல முள் என்ன டயரையும் விடாது, ஆட்டுக்காரர்கள் வேறு வெட்டிப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். பஞ்சர் கிட், மாற்று டியூப், கைப்பம்பு மூன்றும் கட்டாயம். மழை பெய்த மறுநாள் என்றால் மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது, அப்போது பேசாமல் தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். பவானிசாகரிலிருந்து கிளம்புகிற கீழ்பவானி வாய்க்கால் கரையும் உண்டு, 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால், ஆனால் அது போகப் போக ஆற்றை விட்டுத் தெற்கே விலகிவிடும், அதையே பிடித்துக்கொண்டு போனால் கூடுதுறைக்குப் போய்ச் சேர மாட்டீர்கள்.

கோபியிலிருந்து கவுந்தப்பாடி வழி நேர் ரோடு, ஆனால் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும். எனக்குப் பிடித்தது வடகரை: கொடிவேரியில் பார்த்து முடித்து டி.என்.பாளையம், அத்தாணி, ஆப்பக்கூடல் வழியாகப் பவானி. கரும்பும் மஞ்சளும், வண்டி குறைவு. அக்கா கோபிப் பாசத்தில் தென்கரையைச் சொல்கிறார், தடப்பள்ளியில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஆற்றைத் தாண்டி வடகரைக்கு வந்துவிடுங்கள், இரண்டு பேர் பேச்சையும் கேட்ட மாதிரி ஆகும்.

பவானியில் சங்கமேஸ்வரர் கோவில். சம்பந்தர் பாடிய திருநணா அதுதான். காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுத நதி மூன்றும் கூடும் இடம் என்பார்கள். கோவிலுக்குள் தந்தக் கட்டில் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கோவை கலெக்டர் வில்லியம் காரோ 1804ல் கொடுத்தது. மழை ராத்திரியில் ஒரு சின்னப் பெண் வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போனதாகவும், அவர் வெளியே வந்ததும் பங்களாக் கூரை இடிந்து விழுந்ததாகவும், வந்தது வேதநாயகி அம்மன்தான் என்று அவர் நம்பியதாகவும் கதை. உள்ளே போக முடியாத வெள்ளைக்காரர் என்பதால் மதிலில் மூன்று துளை போட்டு அம்மனைப் பார்த்தாராம், அந்தத் துளைகளையும் காட்டுவார்கள்.

கோவிலோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்திலேயே காலிங்கராயன் அணைக்கட்டு. காலிங்கராயன் 1271ல் தொடங்கி 1283ல் முடித்ததாகச் சொல்லப்படும் வாய்க்கால், பவானித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஈரோட்டைத் தாண்டிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் போய்ச் சேரும். 56 மைல், அதுவும் பாம்பு போல வளைந்து வளைந்து. பாம்பு ஒன்று வழிகாட்ட அதன் தடத்திலேயே வெட்டினார்கள் என்று கதையே உண்டு. வேகத்தைக் குறைத்து மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் ஏற்றத்தான் அந்த வளைவு என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். எந்தக் கதையைப் பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். மணிமண்டபம் இருக்கிறது. கரையில் முதல் சில கிலோமீட்டர் அருமை, ஈரோட்டை நெருங்க நெருங்கச் சாயக்கழிவும் தோல்கழிவும் கலந்த நாற்றம், அங்கே திரும்பிவிடுங்கள்.

கட்டபெட்டு மூடுபனி:

எல்லோருக்கும் நன்றி. கெடா வெட்டு, மீன் வறுவல் எல்லாம் கேட்ட பிறகு தம்பி இப்போதே பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். இரண்டு கேள்வி பாக்கி. தங்க எந்த ஊர் வசதி? திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து சைக்கிளை மேலே ஏற்ற என்ன வழி? மிதித்து ஏற எனக்கு ஆசைதான், அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். பஸ்ஸில் கேட்டால் கண்டக்டர் முறைக்கிறார்.

சத்திக்காரி, இப்போது குன்னூரில்:

சத்தியிலும் கோபியிலும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் கிடைக்கும். பவானியை விட ஈரோட்டில் தங்குவது சுலபம், பக்கம்தான். பொங்கல் சமயம் என்பதால் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள், சைக்கிளை உள்ளே வைக்க விடுவார்களா என்றும் அப்போதே கேளுங்கள். பவானியில் ஜமுக்காளம் வாங்காமல் வராதீர்கள், சைக்கிளில் கட்டச் சின்ன சைஸ் கூடக் கிடைக்கும்.

மேட்டுப்பாளையம் மண்டிக்காரன்:

ஈரோட்டிலிருந்து ரயிலில் கோவை வந்து மேட்டுப்பாளையம் ரயில் மாறலாம், சைக்கிளை லக்கேஜில் புக் செய்ய வேண்டும், அதற்கு ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாடியே போங்கள். மேலே ஏற மண்டிக்கு வாருங்கள். காலையில் மேலேயிருந்து கேரட்டும் உருளையும் இறக்கிவிட்டு கோத்தகிரி, கட்டபெட்டு வண்டிகள் மதியத்துக்குள் காலியாகத் திரும்பும். டிரைவரிடம் நேராகப் பேசினால் இரண்டு சைக்கிளுக்கு டீசல் காசு மாதிரி ஏதோ வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்வார். சாக்கு விரித்துப் படுக்க வைத்துக் கட்டுங்கள், வண்டிக் கம்பி உரசினால் பெயிண்ட் போய்விடும். உள்ளே இடம் இருந்தால் ஒருவருக்குத்தான் இருக்கும், இன்னொருவர் பஸ்.

கட்டபெட்டு மூடுபனி:

சரிங்க அண்ணா. பஸ்ஸில் வருவது அவன்தான்.