பனையை முன்வைத்து எடுத்த புத்தாண்டு உறுதிகள்: அனுபவப் பகிர்வு

உடன்குடிப் பக்கத்திலிருந்து

ஆண்டுதோறும் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் ஐம்பது பனங்கொட்டை ஊன்றுவது என்று கடந்த சனவரி முதல் நாள் உறுதி எடுத்தேன். அதற்குக் காரணம் பனையேறியான என் தாத்தா. பனையேறிகளின் நெஞ்சைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தை அணைத்து அணைத்து உரசிய இடம் கறுத்துத் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஒரு நாள் சிறு கலயத்தில் பதநீர் எடுத்துக்கொண்டு, சட்டையில்லாமல் தோளில் துண்டு மட்டும் போட்டுப் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். உடன் படித்தவர்கள் அவர் நெஞ்சையே பார்த்தார்கள். “தாத்தா, துண்டைப் போர்த்திக்கிட்டு வாங்க” என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை இழுத்து மூடி, ஒரு கையால் அதன் முனையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் கலயத்தை நீட்டினார். அந்தக் கை இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

அவருடைய பாளை சீவும் அருவாளும் அதை வைக்கும் அருவாப்பெட்டியும் பரணில் கிடந்தன. புத்தாண்டன்று அவற்றை இறக்கித் துரு துடைத்தபோதுதான் இந்த உறுதியை எடுத்தேன். அந்த வாரமே, பக்கத்து விளையில் (பனந்தோப்பில்) குவிந்து கிடந்த கொட்டைகளை வாங்கி ஊன்றினேன். இன்றுவரை ஒன்றுகூட முளைக்கவில்லை.

சாயல்குடி, இப்போது சென்னை

அண்ணன் எழுதியதைப் படித்துக் கலங்கினேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொட்டை ஊன்றுவதைவிட, இருக்கும் மரத்தில் ஏற ஆள் இருக்கிறாரா என்பதே பெரிய கேள்வி. எங்கள் ஊரில் பதநீருக்குப் பாளை சீவப்படாமல் நிற்கும் மரங்களே மிகுதி.

என் அம்மா பங்குனி, சித்திரை வெயிலில் விடிலி என்னும் ஓலைக்குடிசைக்குள் பதநீர் காய்ச்சியவர். பொங்கி வழியப் போகும் நேரத்தில் நசுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டால் நுரை அடங்கும். பாகு பதமானதும் சிரட்டையில் ஊற்றுவார். அந்தப் புகையில் கண் சிவந்து நிற்கும் அவர் முகம்தான் எனக்குச் சித்திரை மாதம். சென்னைக்கு வந்தபின் வீட்டில் சீனி புழக்கத்துக்கு வந்துவிட்டது. அம்மா உடல்நலம் குன்றி என்னிடம் வந்திருந்தபோது, ஒரு கடையில் கருப்பட்டி வாங்கிச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “இது சீனிப்பாகும்மா” என்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் காப்பி கேட்கவே இல்லை.

அவர் மறைந்த அடுத்த புத்தாண்டில், காய்ச்சுகிறவர் கையிலிருந்து நேரடியாக வாங்கிய கருப்பட்டி தவிர வேறு இனிப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிறேன். விலை கூடுதல்தான், ஆனால் அந்தப் பணம் மரம் ஏறுகிறவரிடம் போகிறது.

குமரி மாவட்டத்திலிருந்து

என் கதை சிறியது. என் அப்பா ஊன்றிய வடலிகளில், அதாவது இளம்பனைகளில், பதினொன்று இப்போது மரமாகி நிற்கின்றன. ஒவ்வொரு புத்தாண்டிலும் பிள்ளைகளோடு போய் அவற்றின் அடியைச் சுத்தம் செய்கிறோம்.

ஆனால் முதலில் எழுதிய நண்பருக்குச் சில செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுதி எடுக்கச் சனவரி நல்ல மாதமாக இருக்கலாம். பனங்கொட்டைக்கு அது ஏற்ற மாதமன்று. ஆடி முதல் புரட்டாசி வரை பழம் விழும். அப்போதே பொறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் ஊன்றிவிட வேண்டும். அப்படிப் புதைத்தவை தை மாதத்துக்குள் கிழங்கு வைத்துவிடுவதால்தான் பொங்கலுக்குப் பனங்கிழங்கு சந்தைக்கு வருகிறது. நீங்கள் வாங்கியது வெயிலில் காய்ந்த மிச்சமாக இருக்கும். பனையின் முளை முதலில் கீழ்நோக்கி இறங்கி, மண்ணுக்குள் கிழங்கு வைத்த பிறகே ஓலையை மேலே அனுப்பும். ஆகவே முளைத்ததா என்று தோண்டிப் பார்க்காதீர்கள், பையில் வளர்த்துப் பிடுங்கி நடவும் வேண்டாம். ஒரு சாண் குழி, பத்தடி இடைவெளி, குழிக்கு இரண்டு கொட்டை போதும். ஆண், பெண் என்பது பாளை விட்ட பிறகே தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். இரண்டிலும் பதநீர் இறக்கலாம் என்பதால், ஆண் பனை பயனற்றது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளத்தைத் தூர்வார இயந்திரம் வரும்போது கரையிலுள்ள வடலிகள்தாம் முதலில் சாகும். ஊன்றிய இடத்தை ஊராட்சியில் முன்கூட்டியே சொல்லி, சுற்றிலும் கல் நட்டு அடையாளம் வையுங்கள். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 இல் அரசு அறிவித்தது. ஆனால் முழங்கால் உயர வடலியை மரக்கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

சாயல்குடிச் சகோதரியோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. ஏற ஆளில்லை என்பதற்காக ஊன்றாமல் இருந்தால், இருபது ஆண்டு கழித்து ஏற விரும்பும் பிள்ளைக்கு மரம் எங்கே இருக்கும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்து அம்மம்மாவோடு எங்கள் காணிக்குத் திரும்பியபோது, தலைப்பகுதியான வட்டு இல்லாத பனைகள் வெறும் கம்பங்களாக நின்றன. ஷெல் விழுந்து தலை போனவை சில. பதுங்குகுழிக்குத் தறித்தவை பல. அம்மம்மா ஒவ்வொரு அடிக்கட்டையாகக் கைவைத்து எண்ணிக்கொண்டு போனார். இருபத்து மூன்றுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு, “இதிலதான் தம்பி ஒடியல் காயப் போடுறனாங்கள்” என்று ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். ஒடியல் என்பது கிழித்துக் காயவைத்த பனங்கிழங்கு.

அடுத்த சித்திரைப் புத்தாண்டில், எங்கள் முற்றத்திலேயே பனங்கொட்டைப் பாத்தி போட்டு ஒடியல் செய்வதென்று முடிவெடுத்தேன். கிழங்கைக் கிழித்துக் காயவைப்பதை அம்மம்மா இருந்து காட்டித் தந்தார். அந்த ஒடியல் மாவில் காய்ச்சிய கூழை அவர் ஒருமுறைதான் குடித்தார். பாத்தியில் கிண்டாமல் விட்ட இரண்டு இப்போது வடலியாகி நிற்கின்றன.

மீண்டும் உடன்குடிப் பக்கத்திலிருந்து

குமரி நண்பருக்கு நன்றி. ஆவணி பிறந்துவிட்டது, விளையில் பழம் விழத் தொடங்கியிருக்கிறது. நேற்று ஒரு கடகம் நிறையப் பொறுக்கி வந்தேன். இந்த முறை என் மகன் உடன் வருகிறான். தாத்தாவின் துண்டைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை, குளத்தங்கரையில் சொல்வேன்.