அலைச் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, கைடட் இமேஜரியைத் தொடரலாமா?

சின்னத்துறைப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. பித்தப்பையில் கல், எடுத்தே ஆக வேண்டும் என்று நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுபோன பிறகு பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, மயக்க டாக்டர் இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் பார்த்தால் மாத்திரையோடு ஓரளவு நார்மல்தான். பயம்தான் காரணம் என்று சொல்லி அங்கே இருந்த கவுன்சலர் "கைடட் இமேஜரி" செய்யச் சொன்னார். கண்ணை மூடி, ஒருவர் சொல்லச் சொல்ல அமைதியான ஒரு இடத்தை மனதில் கொண்டுவர வேண்டுமாம், தினமும் ராத்திரி செய்தால் பதற்றம் குறையுமாம். போனில் கேட்க ஒரு தமிழ் ஆடியோவும் அனுப்பினார்.

பிரச்சினையே அந்த ஆடியோதான். "நீங்கள் அழகான ஒரு கடற்கரையில் நிற்கிறீர்கள், அலைகள் மெல்ல வந்து உங்கள் பாதத்தைத் தொடுகின்றன" என்று ஆரம்பிக்கிறது, பின்னால் அலைச் சத்தம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அம்மா ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் மாமா, அதாவது அம்மாவின் கடைசித் தம்பி, 2017 ஒக்கி புயலில் கடலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. அம்மா அதற்கப்புறம் கடற்கரைப் பக்கமே போகமாட்டார், மீன் வாங்கக்கூட நான்தான் போவேன். இன்னமும் சில ராத்திரி படகு கவிழ்கிற மாதிரி கனவு வந்து கத்திக்கொண்டு எழுந்திருப்பார்.

இப்போது மூன்று கேள்வி. இதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா? இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா மனசைத் தேற்றச் சொல்வதா? அப்புறம், சித்தி இது ஹிப்னாடிசம், வேதத்துக்கு ஆகாது, ஃபாதரிடம் கேட்காமல் செய்யாதே என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

தக்கலை சிஸ்டர்:

மக்களே, முதலில் அந்த ஆடியோவை போனிலிருந்தே அழித்துவிடு. பயிற்சி தப்பில்லை, அந்தக் காட்சிதான் உன் அம்மாவுக்கு ஆகாது. நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வலி நிவாரணப் பிரிவில் நிறைய நாள் இருந்திருக்கிறேன். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து இதைப் பதிவு செய்கிறவர்களுக்கு கடற்கரை என்றால் லீவு, சுண்டல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களிடம் அதே அலைச் சத்தத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் மணக்குடியிலும் குளச்சலிலும் எத்தனையோ பேர் கடல் இரைச்சல் கேட்டாலே தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள்.

இதில் உண்மை இருக்கிறதா என்று கேட்டாயே. மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு பல்லில் வைப்பதாக ஒரு நிமிடம் நினைத்துப் பார், வாயில் எச்சில் ஊறும். மாங்காய் எங்கும் இல்லை, ஆனாலும் உடம்பு வேலையைத் தொடங்கிவிட்டது. பயத்தை நினைத்தால் இதயம் படபடக்கிறது, தசை இறுகுகிறது, பிரஷர் ஏறுகிறது. பத்திரமாக இருந்த இடத்தை வாசனை, தொடுகை, சத்தம் எல்லாவற்றோடும் நினைத்தால் மூச்சு மெதுவாகி உடம்பும் தளர்கிறது, அவ்வளவுதான் சங்கதி. ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றத்தையும் ஓரளவு வலியையும் குறைக்க இது உதவுகிறது என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. அம்மாவிடம் "அமைதியான இடம் எது" என்று கேட்காதே, அப்படிக் கேட்டால் எல்லோரும் கோயில், குளம் என்று படத்தில் பார்த்ததைச் சொல்வார்கள். "சின்ன வயதில் எங்கே போனால் ஒரு கவலையும் இல்லாமல் தூங்குவீர்கள்?" என்று கேள். அது அடுக்களைத் திண்ணையாக இருக்கலாம், பள்ளிக்கூடத்து மரத்தடியாக இருக்கலாம். இறந்துபோனவர் அந்தக் காட்சியில் வருகிறாரா என்றும் பார்த்துக்கொள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அங்கேயே அழுகை பொத்துக்கொண்டு வரும்.

ஆடியோ வேண்டாம், நீயே வாசி. படுக்க வைக்காதே, நாற்காலியில் சாய்ந்து இரு பாதமும் தரையில் படும்படி உட்காரட்டும். கண்ணை மூடப் பயமாக இருந்தால் திறந்தே இருக்கட்டும், தரையில் ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். தோளை இறுக்கி விடச் சொல், கையை இறுக்கி விடச் சொல். அப்புறம் அந்த இடத்துக்குப் போ. பத்து நிமிடம் தாராளம். முடிக்கும்போது சட்டென்று நிறுத்தாமல், அறையில் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வைத்து எழுப்பு. நடுவில் நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்திவிடு, "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று இழுத்துப் பிடிக்காதே.

அந்தக் கனவு விஷயம் வேறு. அது ஆபரேஷன் பயம் இல்லை, அதற்குத் தனியாக ஆள் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போக அம்மா தயங்கினால் முதலில் 14416க்குப் போன் போட்டுப் பேசட்டும். அரசின் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

குலசேகரத்தான்:

சிஸ்டர் சொன்னதற்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இதே பெயரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று மண்டபம் பிடித்து ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தைராய்டு கரையும், சுகர் இறங்கும், கட்டி சுருங்கும், மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்கிறார்கள். என் பெரியப்பா மகன் ஒருத்தன் அதை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்தி, காலில் புண் வந்து படாதபாடு பட்டான்.

கட்டி சுருங்கும் என்கிற கதை எங்கிருந்து வந்தது என்றால், 1970களில் அமெரிக்காவில் கார்ல் சைமன்டன் என்று ஒரு புற்றுநோய் டாக்டர் இருந்தார், கதிர்வீச்சு சிகிச்சைக்காரர். நோயாளிகளிடம், உங்கள் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் புற்றைத் தாக்குவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார். அவரே கதிர்வீச்சை நிறுத்தச் சொல்லவில்லை, அதோடு சேர்த்துத்தான் செய்யச் சொன்னார். அதனால் ஆயுள் கூடும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. மனசு கொஞ்சம் லேசாகும், வாந்தியும் பதற்றமும் கொஞ்சம் தணியும், அதுவே பெரிய விஷயம்தானே? அதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கல் கற்பனையில் கரையாது, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும்.

கோட்டாறு பழைய மாணவன்:

சித்திக்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த தியான முறையில் இதுதான் இருக்கிறது. நற்செய்தியில் வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அந்த இடம் எப்படி இருக்கும், யார் நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், என்ன வாசம் வருகிறது என்று ஐம்புலனாலும் உள்ளே போய் நிற்கச் சொல்கிறார். அவருடைய முதல் தோழர்களில் ஒருவர்தான் நம் சவேரியார். 1544இல் இதே கரையில் நடந்து நடந்து ஞானஸ்நானம் கொடுத்தவர் செய்த தியானம் வேதத்துக்கு ஆகாது என்று சித்தி சொல்வாரா? ஃபாதரிடமே கேட்கட்டும், அவரும் குருமடத்தில் இதைச் செய்தவராகத்தான் இருப்பார்.

ஹிப்னாடிசமும் இல்லை. அம்மா முழு நினைவோடு இருப்பார், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். போன தடவை எழுந்துதானே போனார்.

கண்மூடினா இருட்டு:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். "மனதில் ஒரு காட்சியைப் பாருங்கள்" என்றால் எனக்கு ஒன்றுமே தெரியாது. சும்மா இருட்டு. அம்மாவின் முகம்கூட வராது. எல்லோரும் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்படிப் பலர் இருக்கிறார்கள், 2015இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் பேராசிரியர் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயரே வைத்தார். யோகா வகுப்பில் "ஒளி தெரிகிறதா" என்று கேட்பார்கள், தெரிகிறது சார் என்று தலையாட்டிவிட்டு வருவேன்.

எனக்கு உதவுவது தொடுகையும் சத்தமும்தான். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் மத்தியானம் நடக்கும்போது கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் வரும் சூடு, சட்டையை அடிக்கிற காத்து, இதை நினைத்தால் தோள் தானாக இறங்கும். படம் ஒன்றும் தேவையில்லை. அக்கா, உங்கள் அம்மா "ஒண்ணும் தெரியல்ல" என்று சொன்னால் பயிற்சி பிடிபடவில்லை என்று விட்டுவிடாதீர்கள், என்ன வாசம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சின்னத்துறைப்பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சித்தி சவேரியார் பெயரைக் கேட்டதும் அமைதியாகிவிட்டார், "அப்படியா, நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்கிறார்!

சிஸ்டர் சொன்ன மாதிரியே அம்மாவிடம் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? ரப்பர் ஷீட் நாற்றமாம்! சின்ன வயதில் பள்ளி லீவுக்கு பேச்சிப்பாறைப் பக்கம் அவருடைய அத்தை வீட்டுக்குப் போவாராம். ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற புகைக்கூட்டுக்குப் பின்பக்கத்துத் திண்ணையில் பாயைப் போட்டு மத்தியானம் தூங்குவாராம், அத்தை மரச்சீனிக் கிழங்கு வேகவைக்கிற வாசமும் ஷீட் நாற்றமும் கலந்து வருமாம். அங்கே கடல் சத்தமே கேட்காது, அதனால்தான் அவ்வளவு நிம்மதியான தூக்கம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமா பிறப்பதற்கு முந்தைய லீவுகள் அவை, ஆகவே அவர் அந்தக் காட்சியில் வரமாட்டார்.

எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. வாசிக்கிற மாதிரி எழுதப் பார்த்தால் "பச்சைப்பசேல் என்ற மரங்கள்" என்பதற்கு மேல் வரவில்லை. குலசேகரம் அண்ணா, நீங்கள் உதவ முடியுமா?

குலசேகரத்தான்:

அந்த நாற்றத்துக்கு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம், உங்கள் அம்மாவுக்கு அதில் தூக்கமா! கொள்ளாம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். விடியும் முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள், ஆனால் அம்மா சொல்வது மத்தியானம் என்பதால் அந்த வேலையெல்லாம் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் மரத்தில் சிரட்டைதான் கட்டியிருக்கும், பால் சொட்டுச் சொட்டாக அதில் விழும். அதை வாளியில் எடுத்து வந்து டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்தால் மறுநாள் வெள்ளையாகக் கட்டியிருக்கும், தொட்டால் கொழகொழவென்று குளிர்ச்சியாக இருக்கும். அதை மெஷினில் கொடுத்து கையால் உருளையைச் சுற்றுவார்கள், கடகடவென்று ஒரே தாளத்தில் சத்தம் வரும், தண்ணீர் பிழிந்து ஒழுகும். அம்மா தூங்கும்போது பின்னால் அந்தச் சத்தம் நிச்சயம் கேட்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். கம்பில் தொங்கும் ஷீட் வெயிலில் முதலில் வெள்ளை, புகைக்கூட்டுக்குள் போனால் நாள் ஆக ஆக தேன் நிறம். சருகு காலடியில் நொறுங்கும். ஆகஸ்ட் வாக்கில் என்றால் காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தம்... இல்லை, அது வேண்டாம், வெடிக்கிற சத்தம் எதையும் போடாதீர்கள். மழைக்காலத்தையும் விட்டுவிடுங்கள், காற்றும் மழையும் வந்தால் மறுபடி ஒக்கி ஞாபகம் வரும். எங்கள் பக்கமும் அந்த ராத்திரி மரங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன, இங்கேயும் அதை யாரும் மறக்கவில்லை.

தக்கலை சிஸ்டர்:

குலசேகரம் தம்பி, நீ எழுதியதைப் படித்து எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. வகுப்பு நடத்தாதே, பணம் வாங்கப் பழகிவிடுவாய்!

மக்களே, இதை அப்படியே எடுத்து நீ பேசுகிற பேச்சில் எழுதிக்கொள். "நீங்கள் உணர்கிறீர்கள்" என்றெல்லாம் வேண்டாம், "அம்மா, பாய் முதுகில் குத்துதா? மெஷின் சத்தம் கேக்குதா?" என்று கேட்டால் போதும். வாசிக்கும்போது அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தட்டும். ராத்திரி தோறும் அப்படிச் செய்து பழகினால், ஆஸ்பத்திரியில் டிராலியில் படுத்திருக்கும்போது யாரும் வாசிக்காமலே விரலை அழுத்தினால் கொஞ்சமாவது அந்த இடம் நினைவுக்கு வரும்.

கனவைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். மனநல டாக்டரைப் பார்க்கும்போது இதைக் கட்டாயம் சொல். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு, பகலில் அந்தக் கனவை எழுதி, முடிவை மாற்றி, மாற்றிய கதையை விழித்திருக்கும்போதே மனதில் ஓட்டிப் பழகுகிற ஒரு முறை இருக்கிறது. அதுவும் கற்பனைப் பயிற்சிதான், ஆனால் அதை நீ வீட்டில் செய்யாதே. உடல் கிடைக்காத சாவு சாதாரண துக்கம் மாதிரி ஆறாது, பழகியவர்கள் கூட இருந்து செய்யட்டும்.

இன்னொரு வேலை இருக்கிறது, இதை நாளைக்கே முடி. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் பிரஷர் 180/110க்கு மேல் போனால் தள்ளிவைப்பது வழக்கம், அந்த டாக்டர் செய்தது சரிதான். ஆனால் அன்று காலை அம்மா பிரஷர் மாத்திரை போட்டாரா? வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்று நிறையப் பேர் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். சில மாத்திரைகளை ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வார்கள், சிலவற்றை அன்றைக்கு வேண்டாம் என்பார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் மயக்க டாக்டரிடம் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்.