அறுபட்ட நரம்புக்குள் என்ன நகர்கிறது?

கேள்வி:
நான்கு மாதத்துக்கு முன் கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் ஆழமாக வெட்டிவிட்டது. சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு அறுந்து, தைத்திருக்கிறார்கள். விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. ஆனால் உள்ளங்கையில் ஓர் இடத்தில் தட்டினால் விரல் நுனி வரை சுரீர் என்கிறது. போன மாதம் அந்த இடம் உள்ளங்கையின் நடுவில் இருந்தது, இப்போது விரலின் அடிக்கு வந்துவிட்டது. எது நகர்கிறது? தைத்த முனைகள் ஒட்டிக்கொள்வதில்லையா?

பதில் 1:
நரம்பின் வெளி உறைதான் ஒட்டும், உள்ளே இருக்கும் இழைகள் ஒட்டாது. அவற்றுக்கு உயிர் கொடுக்கும் செல் உடல்கள் தண்டுவடத்திலும் அதன் அருகிலும் இருக்கின்றன. அந்தத் தொடர்பு அறுந்ததும் வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி சிதைந்துவிடும். மிஞ்சிய முனையிலிருந்து புது இழை முளைத்து, பழைய இழை இருந்த குழாய் வழியே போகிறது. வழியில் கிடக்கும் சிதைவைச் சுத்தம் செய்து பாதை போட்டுத் தருபவை, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள்.

நான் ஆய்வுக்கூடத்தில் நரம்பு செல்களைத் தட்டில் வளர்க்கிறேன். இழையின் நுனி விரித்த கை போல இருக்கும், வளர்கூம்பு என்போம். அதிலிருந்து மெல்லிய விரல்கள் நீண்டு, தொட்டுப் பார்த்து, ஒத்துவராத பக்கம் சுருங்கிக்கொள்ளும். பிடி கிடைத்த பக்கம் முழு நுனியும் திரும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு நரம்பியல் ஆய்வாளர் காஹால் 1890-ல் கோழிக் கருவின் சாயமேற்றிய துண்டுகளில், அதாவது அசையாத செல்களில் இதைப் பார்த்தே இது நகரும் உறுப்பு என்று புரிந்துகொண்டார். 1907-ல் அமெரிக்க உயிரியலாளர் ஹாரிசன் தவளைக் கருவின் திசுவை நிணநீர்த் துளியில் வைத்து, இழை வளர்வதைக் கண்ணாலேயே பார்த்தார்.

பதில் 2:
நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் சொல்வது டினெல் அறிகுறி. புது இழையின் நுனிக்கு இன்னும் மயலின் என்ற கொழுப்புக் காப்புறை வந்திருக்காது, அதனால்தான் தட்டினால் சுரீர் என்கிறது. வேகம் சுமாராக நாளைக்கு 1 மி.மீ. முதல் சில வாரம் அசைவே தெரியாது. சில இழைகள் வேறு குழாயில் நுழைந்துவிடும், அப்போது தொட்ட இடம் ஒன்று, உணரும் இடம் வேறாக இருக்கும். உணர்வு வரத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு, துணி, சொரசொரப்பான காகிதம் என்று தொட்டுப் பழகுங்கள். அதுவரை சூடான பாத்திரத்தை அந்தக் கையால் எடுக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாது.

கேட்டவர்:
இப்போதுதான் ஸ்கேல் வைத்து அளந்தேன். தையலிலிருந்து 9 செ.மீ. தைத்து 118 நாள் ஆகிறது. விரல் நுனிக்கு இன்னும் 6 செ.மீ. இருக்கிறது. நாளையிலிருந்து தேதி போட்டுக் குறித்துவைக்கிறேன்.