கறையானுக்கு மருந்து வைத்த அனுபவம்: ஆளை அமர்த்தும் முன் நாங்கள் கேட்ட கேள்விகள்

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கோடையிலும் ஓரளவு ஈரம் கோத்திருக்கும் மண்ணில் கட்டப்பட்ட பழைய வீடு. ஐப்பசி மழை விட்ட மாலைகளில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல், அதாவது இறகு முளைத்த கறையான், மொய்ப்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. ஆனால் ஒருநாள் காலையில் சாமான் அறைத் தரையில் ஈசல் இறகுகள் குவிந்து கிடந்தபோது, அந்த அறையின் சன்னல் இரவு முழுவதும் சாத்தியிருந்ததை என் தாயார்தான் சுட்டிக்காட்டினார். வெளியிலிருந்து வர வழியில்லை என்றால் அவை வீட்டுக்குள்ளேயே எங்கோ கிளம்பியிருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில், கதவு நிலைக்குப் பின்புறம் பென்சில் பருமனில் ஒரு மண்கோடு தரையிலிருந்து நிலையின் மேற்கட்டை வரை ஏறியிருந்தது. அதை நகத்தால் சுரண்டியதும் வெளிறிய பூச்சிகள் வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளே ஓடின. வாசல் கதவு தேக்கு என்பதால் தப்பியிருந்தது. இந்த நிலை நாட்டு மரம்.

முதலில் தொலைபேசியில் பேசியவர் கேட்டது ஒன்றே ஒன்று: வீடு எத்தனை சதுர அடி? பதில் சொல்லி முடிப்பதற்குள் தொகையையும், பத்தாண்டு உத்தரவாதத்தையும், வாசனையே வராத மூலிகை மருந்து என்ற உறுதிமொழியையும் அடுக்கிவிட்டார். மருந்தின் பெயரைக் கேட்டதற்கு, “கம்பெனி மருந்து சார்” என்பதற்கு மேல் விவரம் எதுவும் கிடைக்காததால் அவரை விட்டுவிட்டோம். பக்கத்து வீட்டில் வேறொரு நிறுவனத்தார் வந்து, கண்ணில் பட்ட மண்கோடுகளின் மீது மட்டும் மருந்தைத் தெளித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோடுகள் காய்ந்தது உண்மைதான். அடுத்த மழைக்காலத்தில் அவர்களுடைய சமையலறை அலமாரிக்குள் புதிய கோடு ஏறியது. தரைக்கடியில் இருக்கும் கூட்டத்துக்கு அது ஒரு வழி அடைபட்டதாகவே ஆகும், மற்றபடி அதற்கு ஒரு குறையும் நேர்வதில்லை.

இரண்டாவதாக வந்தவர் பேரம் பேசுவதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்தார். கிணறு இருக்கிறதா, குடிநீர்ச் சம்ப் எந்தப் பக்கம், தோட்டத்து மண் சுவரை ஒட்டி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். தரைக்குள் இறக்கும் மருந்து தண்ணீரில் கலந்துவிடக் கூடாது என்பதால், சம்ப் பற்றிக் கேட்காமலேயே துளையிட வருகிறவரை நம்ப முடியாது என்பது என் கருத்து. பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நிலையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். முழங்கால் உயரம் வரை ‘டொப் டொப்’ என்று பொள்ளல் சத்தம் கேட்டது, அதற்கு மேல் மரம் கெட்டியாக ஒலித்தது. சாமான் அறைச் சுவருக்கு மறுபுறம் குளியலறைக் குழாய் கசிவதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதைச் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முன்பணம்கூட வாங்காமல் கிளம்பிப் போனார்.

குழாய் வேலை முடிந்த பிறகு மீண்டும் வந்த அவர், முத்திரை உடைக்காத புட்டியை எங்கள் கண்முன்னே திறந்தார். அது 30.5 சதவீத இமிடாகுளோபிரிட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி என்று அளவுக்குவளையில் ஊற்றிக் கலக்கினார். அறைகளில் சுவரும் தரையும் சேரும் இடத்தை ஒட்டி, ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மண் ஏற்கும் வரை, அதிகபட்சம் ஒரு லிட்டர் என்ற கணக்கில் மருந்தை இறக்கினார்கள். கட்டிமுடித்த வீடுகளுக்கான இந்திய தரநிலை ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதி சொல்லும் முறையும் இதுதான். டிரில் சத்தத்தையும் தூசியையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. எங்களுடையது ரெட் ஆக்சைடு தரை என்பதால், வெள்ளைச் சிமெண்டால் அடைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று காவிப் பொடி கலந்து பூசினார்; இன்று தேடினால்தான் துளைகள் தெரிகின்றன.

மருந்து வைத்த பிறகும் சில வாரங்களுக்கு மண்கோடு தென்பட்டது. என் தாயார் மண்ணெண்ணெய் புட்டியோடு தயாராக நின்றதைத் தடுத்து, மருந்து வைத்தவர் காரணத்தை விளக்கினார். இந்த மருந்து இருப்பது கறையானுக்குத் தெரியாது. உடனே கொல்வதும் இல்லை. மருந்து படிந்த மண்ணில் ஊர்ந்துவிட்டுத் திரும்பும் வேலைக்காரக் கறையான்கள், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போதும் உணவு ஊட்டும்போதும் அதைக் கூட்டத்துக்குள் பரப்புகின்றன. இடையில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அவை அந்த வழியைக் கைவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடும். இதே தர்க்கம் கரப்பானுக்கு வைக்கும் ஜெல்லுக்கும் பொருந்தும்: சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் என் தங்கை, ஜெல் புள்ளி வைத்த அலமாரியில் ஸ்பிரே அடிக்கக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறாள்.

மருந்தின் பெயரை நான் இத்தனை வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தனர்; அதை வைத்தவர்கள் தெருவில் திரிந்த ஆட்கள் அல்லர், பணம் கொடுத்து அழைக்கப்பட்ட நிறுவனத்தார். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும். அதன் நகலைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. புட்டியின் மேலுள்ள முக்கோண நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மை குறைந்துகொண்டே வரும்.

எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாண்டு உத்தரவாதம், எழுத்தில். அதற்குள் கறையான் திரும்பினால் கட்டணமின்றி மருந்து வைத்துத் தருவார்கள், ஆனால் அரிக்கப்பட்ட மரத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. மருந்து இறக்கிய தரையை நாமே உடைத்து டைல்ஸ் மாற்றினால் அந்தப் பகுதிக்கு உத்தரவாதம் செல்லாது என்றும் ஒரு வரி இருக்கிறது. ஆகவே குளியலறையைப் புதுப்பிக்கும் எண்ணம் உள்ளவர்கள் அந்த வேலையை முதலில் முடித்துவிட்டு இவர்களை அழைக்கலாம்.