ஏழாம் கிழமைத் துடிப்பை வைத்துப் பிள்ளையின் நிறையைச் சொல்லலாமா?

வெள்ளவத்தைத் தங்கச்சி:
அக்காவுக்கு ஏழாம் கிழமை ஸ்கான் எடுத்தோம். கருவின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 126. டொக்டர் நல்லது என்று அனுப்பிவிட்டார். மாமியோ, "துடிப்பு மெதுவென்றால் பிள்ளை நிறை குறைந்துதான் பிறக்கும்" என்கிறார். உண்மையா?

கொட்டாஞ்சேனை நண்டு:
மாமியை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அந்தக் கிழமைகளில் துடிப்பு 90க்குக் கீழே போனால் கரு தங்காமல் போகும் அபாயம் கூட என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். கருவின் நலத்தைக் காட்டும் துடிப்பு, நிறையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதா? 1998இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு ஒன்றில், முதல் மூன்று மாதத்தில் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்த கருக்கள் 2500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆக, விதை அப்போதே விழுகிறது.

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, அங்கே அளந்தது கருவின் நீளத்தை. துடிப்பை அல்ல. துடிப்பு ஓரிடத்தில் நிற்கும் எண்ணும் அல்ல: ஆறாம் கிழமையில் 110 அளவில் இருப்பது ஒன்பதாம் கிழமையில் 170ஐத் தொட்டு, பிறகு இறங்கும். ஏறுகிற காலத்தில் நாளுக்கு மூன்று துடிப்பு அளவில் கூடும். கடைசி மாதவிடாய்த் திகதியை மூன்று நாள் பிழையாகச் சொன்னாலே பத்துத் துடிப்பு வித்தியாசம் வந்துவிடும். பிறகு எதை வைத்து மெதுவென்பது? அக்காவின் 126 அந்த வயதுக்குச் சரியான துடிப்புத்தான்.

தெஹிவளை அப்பா:
எங்களுக்கு ஒருவர் 140க்கு மேலே போனால் பெண் பிள்ளை என்றார். அப்படிப் பார்த்தால் ஒன்பதாம் கிழமையில் கொழும்பில் ஓர் ஆண் கருவும் இருக்காது!

கொட்டாஞ்சேனை நண்டு:
பகிடி இருக்கட்டும். நாள் கணக்குக் குழப்பம் நீளத்துக்கும் உண்டுதானே, தாதி அம்மா?

ஓய்வுபெற்ற தாதி:
உண்டு. அதனால்தான் அந்த ஆய்வில் மாதவிடாய் ஒழுங்காக வந்த பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் ஒரு கூட்டத்தின் சராசரி; இந்தப் பிள்ளை இவ்வளவு கிராம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நிறையைத் தீர்மானிப்பவை வேறு: தாய் கருத்தரிக்கும்போது இருந்த நிறை, இரத்தச்சோகை, பிரஷர், வீட்டில் சிகரெட் புகை, தொப்புள்கொடி வழியாக ஊட்டும் நச்சுக்கொடியின் வேலை, மாதம் முடியாமல் பிறப்பது. தாய்க்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவை உருண்டை பிடித்து வீடே சாப்பிடும், அதை எந்த மாமியும் கதைப்பதில்லை. பிந்திய மாதங்களில் கிளினிக்கில் வயிற்றை நாடாவால் அளந்து குறிப்பார்கள். பிள்ளை வளர்கிறதா என்று அதில் தெரியும். சந்தேகம் வந்தால் ஸ்கான்.

கொட்டாஞ்சேனை நண்டு:
துடிப்பு மட்டும் போதும் என்று நானும் சொல்லவில்லை. மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால் என்ன நட்டம்?

ஓய்வுபெற்ற தாதி:
எழுதி வைப்பதில் நட்டமில்லை. அந்த எண்ணுக்காகத் திரும்பத் திரும்பக் காசு கட்டி ஸ்கானுக்கு ஓடுவதுதான் நட்டம். தங்கச்சி, அக்காவின் ஹீமோகுளோபின் என்ன?

வெள்ளவத்தைத் தங்கச்சி:
கொப்பியில் 9.6 என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி:
இந்த மாதங்களில் 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. டொக்டரிடமோ மிட்வைஃபிடமோ உடனே காட்டுங்கள். இரும்புக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு போட வேண்டாம்.

கொட்டாஞ்சேனை நண்டு:
இதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பன்னிரண்டாம் கிழமை ஸ்கானில் துடிப்பையும் கேட்டு எழுதி வையுங்கள், நான் விடமாட்டேன்.